சுளுக்கு தீர்ந்தும் வலி தீரவில்லையா? கணுக்கால் குருத்தெலும்பைச் சீர்படுத்தும் ஆபரேஷன்கள்

ரெயில் நிலைய மேம்பாலத்தில் ஒரு படி தவறுகிறது. சாரத்தில் இருந்து குதிக்கும்போது கால் மடங்குகிறது. மழைக்காலத்துச் சேற்றில் செருப்பு வழுக்குகிறது. கணுக்கால் பொசுக்கென்று வீங்கி விடுகிறது.

"வெறும் சுளுக்குத்தான்" என்று எண்ணெய் தடவி, துணி சுற்றி, நாலு நாள் நொண்டி விட்டு ஐந்தாம் நாள் வேலைக்குப் போய் விடுகிறவர்கள்தான் அதிகம். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போய் விடுமே!

பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் குணமாகி விடும். ஆனால் சிலருக்கு மட்டும் வீக்கம் வடிந்த பிறகும் வலி போவதில்லை. மூன்று மாதம் ஆகிறது, ஆறு மாதம் ஆகிறது. காலையில் சுமாராக இருக்கும் கால், மாலையில் கனக்கிறது. மூட்டின் மேல் தொட்டால் வலியில்லை. உள்ளே எங்கோ ஆழத்தில் வலிக்கிறது. நடக்கும்போது "டக்" என்று ஏதோ மாட்டிக் கொண்டு விடுபடுகிறது. எக்ஸ்ரே எடுத்தால், எலும்பு முறியவில்லை என்கிறார்கள். வீட்டில் உள்ளவர்கள் நம்புவதில்லை. வேலைக்குச் சோம்பல்படுகிறான் என்று சூப்பர்வைசர் நினைக்கிறார்.

இப்படிப்பட்டவர்களில் பலருக்குக் கணுக்கால் மூட்டின் உள்ளே இருக்கும் குருத்தெலும்பில் காயம் இருக்கக் கூடும். அதைச் சீர்படுத்த இப்போது பலவகை ஆபரேஷன்கள் உள்ளன. அவை என்ன, யாருக்குப் பயன்படும், எவ்வளவு நாள் வேலைக்குப் போக முடியாது என்பதை உழைத்துப் பிழைப்பவர்கள் தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது.

மூன்று எலும்புகளின் கூட்டு

கணுக்கால் மூட்டு மூன்று எலும்புகள் சேரும் இடம். முழங்காலுக்குக் கீழே இறங்கி வரும் பெரிய எலும்பு ஒன்று, அதன் பக்கத்தில் மெல்லிய எலும்பு ஒன்று. இந்த இரண்டின் நுனிகள்தான் காலின் இருபுறமும் புடைத்துக் கொண்டிருக்கும் கணுக்கள். இவற்றின் நடுவே, மரவேலையில் பொழியில் செருகிய கட்டை போல் உட்கார்ந்திருக்கிறது மூன்றாவது எலும்பு. அதற்கு "தாலஸ்" என்று பெயர்.

உடம்பின் மொத்த எடையும் இந்தத் தாலஸ் எலும்பின் வழியாகத்தான் பாதத்துக்கு இறங்குகிறது. சும்மா நடக்கும்போதே உடல் எடையைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு பாரம் இந்த மூட்டின் மேல் விழுகிறது. மூட்டை தூக்கிப் படி ஏறுகிறவரின் கணுக்கால் என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தாலசின் மேற்பரப்பில் சுமார் 60 சதவீதம் குருத்தெலும்பால் போர்த்தப்பட்டிருக்கிறது. வெள்ளை வெளேரென்று, பளிங்கு போல் வழவழப்பாக இருக்கும். கனம் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரைதான். இரண்டு எலும்புகள் உராயாமல் வழுக்கிச் செல்வதற்கும், பாரத்தைப் பரப்பித் தாங்குவதற்கும் இந்த மெல்லிய பூச்சுதான் காரணம்.

இந்த மூட்டின் பொருத்தம் மிகவும் நுட்பமானது. தாலஸ் எலும்பு ஒரு மில்லிமீட்டர் வெளிப்பக்கம் விலகினாலே எலும்புகள் ஒன்றையொன்று தொடும் பரப்பு 42 சதவீதம் குறைந்து விடுகிறது என்று 1976ல் ராம்சே, ஹாமில்டன் என்ற இரு டாக்டர்கள் அளந்து காட்டினார்கள். தொடும் பரப்பு குறைந்தால் அதே பாரம் சிறிய இடத்தில் குவியும். அந்த இடம் சீக்கிரம் தேயும்.

ஏன் தானாக ஆறுவதில்லை?

கையில் கீறல் பட்டால் ஆறி விடுகிறது. எலும்பு முறிந்தாலும் கூடி விடுகிறது. குருத்தெலும்பு மட்டும் ஏன் ஆறுவதில்லை?

ரத்தம் ஓடும் இடத்தில்தான் காயம் ஆறும். குருத்தெலும்பில் ரத்தக் குழாயே கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான நீரில் இருந்துதான் அதற்கு உணவு. நடக்கும்போது பஞ்சு போல் அழுந்தி, விடும்போது அந்த நீரை உறிஞ்சிக் கொள்கிறது.

குருத்தெலும்பு ஒரு முறை அழிந்தால் திரும்ப வருவதில்லை என்று லண்டனில் வில்லியம் ஹண்டர் என்ற மருத்துவர் 1743ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். ஏறத்தாழ 280 ஆண்டுகள் ஆகியும், பழைய குருத்தெலும்பை அப்படியே திரும்ப முளைக்கச் செய்யும் வித்தை இன்னும் முழுமையாகக் கைகூடவில்லை. இன்றைய ஆபரேஷன்கள் எல்லாம் அதற்கு எவ்வளவு அருகில் போக முடியும் என்ற முயற்சிகளே.

குருத்தெலும்பில் நரம்பும் கிடையாது. அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது? அடியில் இருக்கும் எலும்பில் இருந்து வருகிறது. குருத்தெலும்பில் விரிசல் விட்டால், ஒவ்வொரு அடி வைக்கும்போதும் மூட்டு நீர் அந்த விரிசல் வழியாக எலும்புக்குள் பம்பு அடித்தது போல் புகுகிறது. நாளடைவில் எலும்பில் சிறு குழிகள் உண்டாகின்றன. ஆழத்தில் வலிக்கிறது என்று நோயாளி சொல்வது இதைத்தான் என்று நிபுணர்கள் கருதுகிறார்கள்.

எக்ஸ்ரேக்குத் தப்பும் காயம்

கால் உட்புறமாக மடங்கும்போது தாலசின் ஓரம் பக்கத்து எலும்பில் போய் இடிக்கிறது. இதனால் எப்படியெல்லாம் காயம் படும் என்பதை 1959ல் அமெரிக்காவில் பெர்ன்ட், ஹார்ட்டி என்ற இருவர் ஆராய்ந்து நான்கு படிகளாகப் பிரித்தார்கள்.

முதல் படியில் எலும்பு நசுங்கியிருக்கும். இரண்டாம் படியில் ஒரு சில்லு பாதி பெயர்ந்திருக்கும். மூன்றாம் படியில் சில்லு முழுவதும் பெயர்ந்தும் அதே இடத்தில் இருக்கும். நான்காம் படியில் அது இடத்தை விட்டு நகர்ந்து மூட்டுக்குள் திரியும். இப்போது ஸ்கேன் வசதிகள் வந்த பிறகும், இந்தப் பழைய பிரிவினையை ஒட்டித்தான் டாக்டர்கள் பேசுகிறார்கள்.

சாதாரண எக்ஸ்ரே இந்தக் காயங்களில் பலவற்றைக் காட்டுவதில்லை. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது; எலும்புச் சில்லு பெரிதாக இருந்தால்தான் தெரியும். எனவே "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்பதற்கு "காலில் ஒன்றுமில்லை" என்று பொருள் கொள்ளக் கூடாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் குருத்தெலும்பையும் அடியில் உள்ள எலும்பின் வீக்கத்தையும் காட்டும். சி.டி. ஸ்கேன் எலும்புக் குழியின் அளவைத் துல்லியமாகச் சொல்லும்.

அதற்காகச் சுளுக்கிய கால்கள் அனைத்துக்கும் ஸ்கேன் தேவையில்லை. கால் மடங்கியவுடன் எக்ஸ்ரே வேண்டுமா என்று பார்க்கக் கனடா நாட்டு டாக்டர்கள் 1992ல் ஓர் எளிய விதி வகுத்தார்கள். கணுப் பக்கம் வலி இருந்து, கணு எலும்பின் பின் ஓரத்திலோ நுனியிலோ அழுத்தினால் வலித்தாலும், அடிபட்ட உடனேயும் ஆஸ்பத்திரியிலும் நாலு அடி நடக்க முடியாவிட்டாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்பது அந்த விதி. ஸ்கேனைப் பொறுத்தவரை, ஆறு வாரம் கழிந்தும் வலியோ வீக்கமோ குறையாவிட்டால் எலும்பு நிபுணரிடம் போய்க் கேட்பதே முறை.

புத்தூர் கட்டும் உருவலும்

கால் பிசகினால் புத்தூர் கட்டுப் போடுவதும், வைத்தியரிடம் காலைக் கொடுத்து உருவி விடுவதும் தமிழர் பழக்கம். முறிந்த எலும்பை அசையாமல் வைத்திருக்கக் கட்டு உதவலாம். ஆனால் மூட்டுக்குள் பெயர்ந்த குருத்தெலும்பை மேலே போடும் கட்டு சேர்த்து வைக்காது. வீங்கிய மூட்டை முரட்டுத்தனமாக இழுத்து உருவினால், பாதி பெயர்ந்திருக்கும் சில்லு முழுவதும் பெயர்ந்து விடும் அபாயம் உண்டு.

அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாட்கள் காலுக்கு ஓய்வு, துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம், அளவான இறுக்கத்தில் கிரேப் பாண்டேஜ், தலையணை மேல் காலைத் தூக்கி வைத்தல் ஆகியவைதான் நல்ல முதலுதவி.

முதலிலேயே கத்தி வேண்டாம்

காயம் சிறியதாக, சில்லு நகராமல் இருந்தால் டாக்டர்கள் உடனே ஆபரேஷன் என்று சொல்வதில்லை. சில வாரங்கள் கட்டோ பூட்சோ போட்டுப் பாரத்தைக் குறைப்பார்கள். பிறகு தசைகளுக்குப் பயிற்சி கொடுப்பார்கள். வளரும் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே பலன் தருவதுண்டு. மூன்று முதல் ஆறு மாதம் இப்படிப் பார்த்தும் வலி தீராதவர்களுக்குத்தான் ஆபரேஷன். சில்லு பெயர்ந்து மூட்டில் மாட்டிக் கொண்டால் மட்டும் காத்திருப்பதில் பயனில்லை.

துவாரம் வழியே உள்ளே

மூட்டுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கலையில் முன்னோடிகள் ஜப்பானியர்கள். டோக்கியோவில் கெஞ்சி டகாகி 1918ல், சிறுநீர்ப் பையைப் பார்க்கும் கருவியைக் கொண்டு முழங்கால் மூட்டுக்குள் பார்த்தார். ஆனால் கணுக்கால் மிகவும் குறுகலான மூட்டு. அதற்குள் கருவி நுழைய இடமில்லை என்று அமெரிக்க டாக்டர் பர்மன் 1931ல் எழுதினார். கருவிகள் மெலியத் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. டகாகியின் சீடர் மசாக்கி வாட்டனபே 1972ல், 28 கணுக்கால்களை இம்முறையில் பரிசோதித்த விவரத்தை வெளியிட்டார்.

இப்போது பெரும்பாலான கணுக்கால் குருத்தெலும்பு ஆபரேஷன்கள் ஆர்த்ராஸ்கோப் முறையில்தான் நடக்கின்றன. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப் போகச் செய்கிறார்கள். கணுக்காலின் முன்புறம் இரண்டு சிறு துவாரங்கள். ஒன்றில் பென்சிலை விட மெல்லிய காமிரா, மற்றதில் கருவி. உப்பு நீர் செலுத்தி மூட்டை விரித்து, உள்ளே நடப்பதை டெலிவிஷன் திரையில் பார்த்துக் கொண்டே டாக்டர் வேலை செய்கிறார்.

எலும்பில் துளையிடும் முறை

அதிகமாகச் செய்யப்படுவது இந்த முறைதான். கெட்டுப் போன குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்து, ஓரங்களை நேராக்கி, அடியில் உள்ள எலும்பில் கூரான ஊசியால் மூன்று நான்கு மில்லிமீட்டர் இடைவெளி விட்டுச் சிறு துளைகள் போடுகிறார்கள். துளைகள் வழியாக எலும்பு மஜ்ஜையில் இருந்து ரத்தம் கசிந்து உறைகிறது. அதில் உள்ள செல்கள் நாளடைவில் ஒரு புதிய பூச்சாக மாறுகின்றன. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டெட்மன் என்ற டாக்டர் 1980களில் முழங்காலுக்கு இந்த முறையைப் பரப்பினார். பிறகு கணுக்காலுக்கும் வந்தது.

இதில் ஒரு குறை உண்டு. புதிதாக வருவது அசல் குருத்தெலும்பு அல்ல. நார்த்தன்மை கொண்ட மாற்றுப் பூச்சு. சிமெண்டுத் தரை பெயர்ந்த இடத்தில் வேறு சிமெண்டால் ஒட்டுப் போட்டது போன்றது. நடக்கப் போதும், அசலின் உறுதி இராது. ஆனாலும் ஆபரேஷன் செய்து கொண்ட பத்துப் பேரில் சுமார் எட்டுப் பேருக்கு நல்ல குணம் கிடைப்பதாக மருத்துவ ஏடுகளில் வந்த தொகுப்புகள் காட்டுகின்றன.

காயத்தின் அளவு முக்கியம். 15 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான காயங்களில் இந்த முறை அவ்வளவாகப் பலிப்பதில்லை. 10 மில்லிமீட்டருக்குள் இருந்தால் மிகவும் நல்லது என்பது பிற்கால ஆய்வுகளின் முடிவு. சீக்கிரம் கண்டுபிடிப்பதில் உள்ள லாபம் இதுதான்.

பெயர்ந்த சில்லு பெரிதாகவும் புதிதாகவும் இருந்தால் அதை வீசி விடுவதில்லை. சிறு ஸ்குரு அல்லது உடம்பிலேயே கரைந்து விடும் ஆணி கொண்டு அதன் இடத்திலேயே பொருத்தி விடுகிறார்கள்.

முழங்காலில் இருந்து கணுக்காலுக்கு

காயம் பெரிதாக இருந்தாலும், துளையிட்டும் குணமாகாவிட்டாலும் ஒட்டு வைக்கிறார்கள். ஹங்கேரி நாட்டு டாக்டர் லாஸ்லோ ஹாங்கோடி 1990களில் வளர்த்த முறை இது. முழங்காலில் பாரம் அதிகம் விழாத ஓரத்தில் இருந்து, எலும்போடு சேர்ந்த குருத்தெலும்பைச் சிறு உருளைகளாக எடுக்கிறார்கள். கணுக்காலில் கெட்ட பகுதியைத் தோண்டி, அந்தக் குழியில் மொசைக் தரையில் கல் பதிப்பது போல் பதிக்கிறார்கள். பெயரும் "மொசைக் பிளாஸ்டி" என்பதுதான்.

இதில் கிடைப்பது அசல் குருத்தெலும்பு. ஆனால் ஆபரேஷன் பெரியது. தாலசின் உட்புறத்தை எட்டுவதற்காகப் பல நேரங்களில் உள் கணுவின் எலும்பை அறுத்துத் திறந்து, வேலை முடிந்ததும் ஸ்குரு வைத்துப் பூட்ட வேண்டியிருக்கும். நன்றாக இருந்த முழங்காலில் சிலருக்குப் புதிதாக வலி வருவதும் உண்டு. தரையில் குந்தி வேலை செய்கிறவர்கள் இதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி விட வேண்டும்.

மற்றொரு முறை ஸ்வீடனில் பிறந்தது. நோயாளியின் குருத்தெலும்பில் சிறு துணுக்கு எடுத்து, ஆய்வுக்கூடத்தில் அதன் செல்களைச் சில வாரம் வளர்த்துப் பெருக்கி, இரண்டாவது ஆபரேஷனில் காயத்தில் வைப்பது. கோத்தன்பர்க் நகரில் 1987ல் முதலில் முழங்காலுக்குச் செய்தார்கள். பிரிட்பெர்க், பீட்டர்சன் முதலியோர் 1994ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கணுக்காலுக்கும் பிறகு பயன்பட்டது. இரண்டு ஆபரேஷன், செலவும் அதிகம் என்பதால் எல்லோருக்கும் எட்டுவதாக இல்லை.

ஒரு மாபெரும் வீரரின் கணுக்கால்

குருத்தெலும்பு போனால் எவ்வளவு பெரியவருக்கும் என்ன நேரும் என்பதற்கு ஹாலந்து கால்பந்து வீரர் மார்கோ வான் பாஸ்டன் உதாரணம்.

1988 ஜூன் 25ல் மியூனிக் நகரில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில், சோவியத் அணிக்கு எதிராக மிகக் குறுகலான கோணத்தில் இருந்து அவர் அடித்த கோல் இன்றும் பேசப்படுகிறது. 1988, 1989, 1992 ஆகிய மூன்று ஆண்டுகள் ஐரோப்பாவின் தலைசிறந்த வீரர் விருது பெற்றார். ஆனால் கணுக்கால் தேய்ந்து கொண்டே வந்தது. ஆபரேஷன்களும் நடந்தன. 1993 மே 26ல் அதே மியூனிக் மைதானத்தில் இத்தாலியின் மிலான் அணிக்காக ஆடியதுதான் அவரது கடைசி ஆட்டம். அப்போது வயது 28.

காலைச் சுற்றி இரும்பு வளையங்கள் பூட்டி மூட்டை விரித்து வைக்கும் சிகிச்சையும் செய்து பார்த்தார்கள். பலிக்கவில்லை. 1995 ஆகஸ்டில் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். வலி உச்சத்தில் இருந்த நாட்களில், இரவில் கழிப்பறைக்குத் தவழ்ந்தே போனதாகத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கடைசியில் கணுக்கால் மூட்டை அசையாதபடி எலும்போடு எலும்பாகச் சேர்த்து விட்டார்கள். மூட்டு போயிற்று, வலி நின்றது. பிற்காலத்தில் ஹாலந்து அணிக்கே பயிற்சியாளராக இருந்தார்.

மூட்டு முழுவதும் தேய்ந்து போனவர்களுக்கு இப்படி இணைத்து விடுவதோ, செயற்கை மூட்டு வைப்பதோதான் வழி. அந்த நிலைக்குப் போகாமல் தடுப்பதற்கே குருத்தெலும்பு ஆபரேஷன்.

ஆபரேஷனுக்குப் பிறகுதான் பாதி வேலை

துவாரம் சிறியது, இரண்டு தையல்தான் என்று நினைத்து இரண்டாம் வாரமே வேலைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. செய்த வேலை வீணாவது அங்கேதான்.

துளையிட்ட இடத்தில் உறைந்த ரத்தம் பூச்சாக மாற மாதக் கணக்கில் ஆகும். எனவே பொதுவாக இரண்டு முதல் ஆறு வாரம் வரை காலைத் தரையில் அழுத்தி ஊன்றக் கூடாது, ஊன்றுகோல் தேவை. அதே நேரத்தில் மூட்டு இறுகி விடாமலிருக்க, பாரம் இல்லாமல் பாதத்தை மேலும் கீழும் அசைத்துக் கொண்டிருக்க வேண்டும். அதன்பின் பிசியோதெரபி. நாற்காலியில் அமர்ந்து வேலை செய்யும் குமாஸ்தாக்கள் சில வாரங்களில் ஆபீஸ் போகலாம். ஆனால் நெரிசல் ரெயிலில் தொங்கிக் கொண்டு போக முடியாது. நின்று கொண்டு வேலை, ஏணி ஏறுதல், பாரம் தூக்குதல் ஆகியவற்றுக்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம்.

புகை பிடிப்பது காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும். உடல் எடை கூடினால் பாரமும் கூடும். பாதத்தின் மேல் மரத்துப் போதல், சீழ் பிடித்தல், கெண்டைக்கால் நரம்பில் ரத்தம் கட்டுதல் ஆகியவை அபூர்வமாக நேரலாம். காய்ச்சலோ கெண்டைக்கால் வீக்கமோ கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"ஒரே ஊசியில் தேய்மானம் தீரும்" என்று விளம்பரங்கள் வருகின்றன. நோயாளியின் ரத்தத்தில் இருந்தே பிரித்தெடுத்துப் போடும் ஊசியை, தேய்ந்த கணுக்கால் உள்ள 100 பேரிடம் ஹாலந்தில் சோதித்தார்கள். 2021ல் வெளியான முடிவு: வெறும் உப்பு நீர் ஊசி போட்டவர்களை விட அவர்களுக்குக் கூடுதல் குணம் எதுவும் கிடைக்கவில்லை. சேர்த்து வைத்த பணத்தைக் கொட்டுவதற்கு முன் யோசிப்பது நல்லது.

சம்பளம் போகாமல் இருக்க

மாதக் கணக்கில் வேலைக்குப் போக முடியாவிட்டால் குடும்பம் என்ன செய்யும்? ஆபரேஷனைப் பலர் தள்ளிப் போடுவதற்குக் காரணம் பயம் அல்ல, இந்தக் கேள்விதான்.

இ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ளவர்களுக்கு வழி இருக்கிறது. 2017 ஜனவரி முதல் மாதச் சம்பள வரம்பு 21,000 ரூபாய் ஆக்கப்பட்டது. நோய்க்கால உதவியாக, ஆண்டுக்கு 91 நாட்கள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். வேலையினால் ஏற்பட்ட காயம் என்றால் 90 சதவீதம். உடல் தேறும் வரை கிடைக்கும். வீட்டில் இருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் ஏற்படும் விபத்தையும் 2010ல் வந்த திருத்தம் இதில் சேர்த்தது. ஆகவே வேலையிடத்தில் கால் மடங்கினால் அன்றைக்கே மேஸ்திரியிடமோ மானேஜரிடமோ சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்ய வேண்டும். "வெறும் சுளுக்கு" என்று விட்டு, ஆறு மாதம் கழித்து ஸ்கேனில் காயம் தெரியும்போது, அது வேலையில் பட்டது என்று நிரூபிப்பது கடினம்.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்கள், மராட்டிய மாநில ரேஷன் கார்டு இருந்தால், மகாத்மா ஜோதிராவ் புலே ஆரோக்கியத் திட்டத்தில் தங்கள் சிகிச்சை அடங்குமா என்று ஆஸ்பத்திரியில் உள்ள "ஆரோக்ய மித்ரா" கவுண்டரில் விசாரிக்கலாம். மும்பையில் சயான், கே.இ.எம்., நாயர் ஆகிய மாநகராட்சி ஆஸ்பத்திரிகளிலும் ஜே.ஜே. ஆஸ்பத்திரியிலும் எலும்பு சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன.

டாக்டரிடம் என்ன சொல்வது?

மொழி தெரியாமல் தடுமாறுகிறவர்கள் பலர். "மோச்" என்றால் இந்தியில் சுளுக்கு. அந்த ஒரு சொல்லோடு நிறுத்தினால் சுளுக்கு மாத்திரைதான் கிடைக்கும். கணுக்காலுக்கு இந்தியில் "டக்னா", மராத்தியில் "கோட்டா" என்று பெயர். எப்போது அடிபட்டது, எத்தனை மாதமாக வலி, ஆழத்தில் வலிக்கிறதா, மூட்டு மாட்டிக் கொள்கிறதா, என்ன வேலை செய்கிறார் என்பவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்கிக் கொண்டு போனால் டாக்டருக்கும் எளிது.

ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னால் நான்கு கேள்விகள் கேட்கலாம். காயம் எத்தனை மில்லிமீட்டர்? எந்த முறை, ஏன்? எத்தனை வாரம் கால் ஊன்றக் கூடாது? இப்போது செய்து கொள்ளும் வேலைக்குத் திரும்ப முடியுமா, எப்போது?

இவற்றுக்குப் பதில் தெரிந்து கொண்டு, வீட்டில் கலந்து பேசி, லீவுக்கும் இ.எஸ்.ஐ.க்கும் எழுதிக் கொடுத்த பிறகு ஆபரேஷனுக்குப் போவதே நல்லது. ஆறு வாரத்துக்கு மேல் வலிக்கும் கணுக்காலை மட்டும் எண்ணெய்க் குப்பியிடம் விட்டு விட வேண்டாம்.